தாய்மாமன் மடிக்கு ஒத்திகை

நாலரை வயதுப் பெண் குழந்தையின் காது வெறுமையாக இருந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் சும்மா விட மாட்டார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்பார், மளிகைக் கடையில் சாமான் கட்டுகிறவர் கேட்பார். "ஏம்மா, இன்னும் காது குத்தலையா?" என்பது ஒரு கேள்விதான். அதற்குப் பின்னால் இன்னும் நாலு கேள்விகள் வரிசையில் நிற்கும். அந்த நாலுக்கும் பதில் சொல்லத் தெம்பில்லாத ஒரு தாய், செவ்வாயும் வெள்ளியும் தன் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துகொண்டிருந்தாள்.

அரியலூரில், வளர்ச்சி தாமதமான சின்னக் குழந்தைகளுக்கான பயிற்சி மையம் ஒன்றில் நான் சிறப்பு ஆசிரியை. ஆறு வயது வரைக்கும்தான் பிள்ளைகள் எங்களிடம். அதற்குள் உட்காராத பிள்ளை உட்கார வேண்டும், பேசாத பிள்ளை கையைக் காட்டியாவது வேண்டியதைக் கேட்க வேண்டும், கூட்டத்தைக் கண்டால் காதைப் பொத்திக்கொள்கிற பிள்ளை நாலு பேர் நடுவில் நிற்கப் பழக வேண்டும். பிறகு பள்ளிக்கூடம். நான் குடியிருப்பது பெரம்பலூரில், ஒரு மாடிப் போர்ஷனில். தினமும் சிமெண்ட் லாரிகளுக்கு முன்னும் பின்னுமாக பஸ்ஸில் போய் வருகிறேன்.

பகல் முழுவதும் குழந்தைகள் என் மேல் ஏறி இறங்குவார்கள். முடியைப் பிடித்து இழுப்பார்கள், கடிப்பார்கள், மூக்கை என் சேலையில் துடைப்பார்கள். மாலையில் வீட்டுப் பூட்டைத் திறந்தேன் என்றால் மறுநாள் காலை பஸ்ஸில் யாராவது இடிக்கும் வரை ஒரு விரல்கூட என் மேல் படாது. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். அண்ணன் சென்னையில் இருக்கிறான், பொங்கலுக்குப் போன் செய்வான். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்காக என்னிடம் தயாராக மூன்று பதில்கள் உண்டு. ஆளைப் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுப்பேன். மூன்றும் பொய். தனியாக இருப்பது பழகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வது நாலாவது பொய்.

எங்கள் தொழிலில் இன்னொரு சங்கடமும் உண்டு. பிள்ளை தேறிவிட்டால் பெற்றவர்கள் எங்களைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். இரண்டு வருடம் என் தோளில் சாய்ந்து அழுத பெண், ஜவுளிக்கடையில் எதிரே வந்தால் முந்தானையைச் சரிசெய்வது போல அடுத்த வரிசைக்குப் போய்விடுவாள். கூட வந்த உறவுக்காரர் "யாரு அவங்க?" என்று கேட்டால் அவளும் என்னதான் சொல்வாள், பாவம். ஆரம்பத்தில் எனக்குக் கோபம் வரும். பிறகு நானே முந்திக்கொண்டு முகத்தைத் திருப்பப் பழகினேன். பதினாலு வருடத்தில் ஒரு வீட்டு விசேஷத்துக்குக்கூட எனக்குப் பத்திரிகை வந்ததில்லை.

நான் சொல்ல வந்த தாய்க்கு அப்போது இருபத்தேழு வயது. கங்கைகொண்ட சோழபுரத்தைத் தாண்டி, முந்திரிக்காட்டு ஓரத்தில் இருக்கிறது அவள் ஊர். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. அவள் இருந்தது மாமனார் வீட்டில். அடுத்த வீட்டிலேயே நாத்தனார், கணவரின் அக்கா. அந்த அக்கா சொல்வதுதான் இரண்டு வீட்டுக்கும் சட்டம். பிள்ளைக்குச் சத்துக் குறைவு, அரியலூரில் வாரம் இரண்டு ஊசி போடச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் இவள் பஸ் ஏறுவாள். கணவருக்கு மட்டும் விஷயம் தெரியும். "யாருக்கும் தெரிய வேணாம், நீ பாட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்று போனில் சொல்லியிருந்தார். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம்.

குழந்தை என்னிடம் முதலில் வந்தபோது இரண்டரை வயது. யார் முகத்தையும் பார்க்காது, நுனிக்காலில் நடக்கும், பேச்சே கிடையாது. தலையில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தால் உடம்பு கட்டையாக விறைத்துவிடும். அதற்குக் காரணம் இருந்தது. ஒன்றரை வயதில் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட உட்கார வைத்திருக்கிறார்கள். தலையில் தண்ணீர் பட்டதும் அலறிய அலறலில் பிள்ளை நீலம் பாய்ந்துவிட்டது. எல்லாரும் பயந்துபோய்ப் பூமுடியாக மூன்று கொத்து மட்டும் கத்தரித்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். அன்றோடு மொட்டையும் நின்றது, காதுகுத்தும் நின்றது. பயந்த பிள்ளை என்று ஊர் ஒரு பெயர் வைத்தது. பிள்ளை தூங்கும்போது தாய்தான் கத்தரிக்கோலால் முடியைக் குறைத்துவிடுவாள்.

இரண்டு வருடப் பயிற்சிக்குப் பிறகு, கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை, அவள் முகம் கறுத்துப் போய் வந்தாள்.

"நாள் குறிச்சுட்டாங்க மிஸ். வைகாசியில அவரு லீவுல வராரு. மொட்டை, காதுகுத்து ரெண்டும் ஒரே நாள்ல. இவ அழாம உக்காரணும். அன்னிக்கு மாதிரி ஆச்சுன்னா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சா என்ன பண்ணுவாங்க?"

"இங்க வர விடமாட்டாங்க. எங்க நாத்தனாருக்கு ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது. வூட்ல இப்படி ஒரு புள்ள இருக்குன்னு வெளில தெரிஞ்சா சம்மந்தம் வராதும்பாங்க. வூட்டுக்குள்ளயே வச்சுக்குவாங்க மிஸ்."

அவள் கூட்டிச் சொல்லவில்லை. அப்படிப் பாதியில் நின்றுபோன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வீடு தேடிப் போனால், "இங்க அப்படி யாரும் இல்லைங்க" என்று வாசலிலேயே சொல்லிவிடுவார்கள். உள்ளேயிருந்து சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். இந்தக் குழந்தையோ அப்போதுதான் ஆளைப் பார்க்க ஆரம்பித்திருந்தது, வேண்டியதைக் கையால் கேட்க ஆரம்பித்திருந்தது. அதைப் பாதியில் கைவிட எனக்கு மனம் இல்லை. "ஆறு மாசம் இருக்குல்ல, பழக்கிடலாம்" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைவு.

குழந்தையின் பயிற்சி அட்டையில் நான் எழுதிய இலக்கு: தலையைத் தொடுவதைப் பொறுத்துக்கொள்ளுதல். காதுகுத்து என்றெல்லாம் எழுதினால் மேலே இருப்பவர்கள் கேள்வி கேட்பார்கள். முதலில் உலர்ந்த துண்டு. அப்புறம் ஈரத் துண்டு. அப்புறம் சீப்பு, அப்புறம் உள்ளங்கையில் எடுத்த தண்ணீர். சவரக் கத்திக்குப் பதில் பிளாஸ்டிக் ஸ்கேலின் பக்கவாட்டு. போனில் நாதஸ்வரமும் தவிலும் பதிந்து வைத்துக்கொண்டு, முதல் வாரம் காதுக்கே எட்டாத சத்தத்தில் ஆரம்பித்து, வாரத்துக்கு ஒரு புள்ளியாக ஏற்றினேன். காதுமடலுக்கு ஸ்டிக்கர் பொட்டு. முதலில் என் காதில் ஒன்று ஒட்டிக்கொள்வேன், பிறகு அவள் காதில் ஒன்று. சாயங்காலம் அதை எடுக்க மறந்து பஸ் ஏறிவிடுவேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே என் காதையே பார்ப்பார். ஒருநாள் கேட்டேவிட்டார்: "என்னங்க, பொட்டு எடம் மாறிப் போச்சு?"

இதெல்லாம் நடந்தது என் மடியில். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அவளை முன்பக்கம் பார்க்க உட்கார வைத்துக்கொள்வேன். ஒவ்வொரு படி முடிந்ததும் பரிசு, முழங்காலை ஆட்டிக் குதிரைச் சவாரி. நாலு ஆட்டு ஆட்டிவிட்டு நிறுத்துவேன். அவள் இரண்டு கை விரல் நுனிகளையும் சேர்த்து மெல்லத் தட்டுவாள். இன்னும் வேண்டும் என்று அர்த்தம். அது நான் எட்டு மாதம் செலவழித்துச் சொல்லிக்கொடுத்த சைகை. தட்டினால் மறுபடி குதிரை ஓடும். மாசி பிறந்தபோது அவளே என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் தலை மேல் வைத்துக்கொண்டு, பிறகு குதிரைக்காகத் தட்ட ஆரம்பித்தாள். தாய் கதவோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

இங்கேதான் நான் தவறினேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. எங்கள் படிப்பில் முதல் மாதமே சொல்லித்தருகிற பாடம் அது: பிள்ளை ஓர் ஆளிடம் ஓர் இடத்தில் கற்றது பாதிதான், அதையே வேறு ஆளிடம் வேறு இடத்தில் செய்தால்தான் கற்றது. இதை நான் பெற்றவர்களுக்குச் சொல்லாத நாள் கிடையாது. மொட்டையும் காதுகுத்தும் தாய்மாமன் மடியில்தான் நடக்கும் என்பது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

அந்தத் தாய் தை மாதமே கேட்டாள். "எந்தம்பிய ஒரு நாளு கூட்டியாரவா மிஸ்? அவன் மடியில உக்காந்து பழகட்டும்."

"இப்ப வேணாம். புது முகத்தப் பார்த்தா பழகினதும் கெட்டுடும். மாசியில பார்ப்போம்" என்றேன்.

மாசியில் பங்குனி என்றேன். பங்குனியில் அவளே ஒருநாள் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். லாரி ஓட்டுகிறவர், முப்பது வயது கூட இருக்காது. செருப்பை வெளியே விட்டுவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவர் மாதிரி வாசலில் நின்றார். குழந்தை அவரைப் பார்த்தாள். திரும்பி என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். அழவில்லை, விறைக்கவில்லை. பத்து நிமிடம் பொறுமையாக இருந்திருந்தால் வேலை ஆரம்பித்திருக்கும். நான் அவரைப் பார்த்து, "இன்னிக்கு வேணாங்க, அவளுக்கு ஒடம்பு சரியில்ல" என்றேன். "சரிங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். குழந்தைக்கு உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

எனக்குத்தான் அவளை இறக்கிவிட மனம் வரவில்லை. பதிமூன்று கிலோ, மார்பில் சாய்ந்து, நானாக நிறுத்தும் வரை எழுந்திருக்காத பதிமூன்று கிலோ. சனியும் ஞாயிறும் வீட்டில் துணி துவைத்து, அரிசி களைந்து, எதிர்வீட்டு டிவி சத்தத்தைக் கேட்டுக்கொண்டு செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருந்திருக்கிறேன். அந்த அரைமணி நேரத்தை இன்னொருவர் மடிக்குக் கொடுக்க நான் தயாராக இல்லை. அன்றைக்கு யாராவது இதை என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

விசேஷத்துக்கு என்னையும் கூப்பிட்டாள். "நீங்க கண்ணுல படுற மாதிரி ஓரமா இருந்தா போதும் மிஸ், எனக்குத் தைரியமா இருக்கும். ஊசி போடுற நர்ஸுன்னு சொல்லிக்கிறேன்." மஞ்சள் தடவிய பத்திரிகையை மடித்து என் கைப்பைக்குள் வைத்தாள். பதினாலு வருடத்தில் வந்த முதல் பத்திரிகை. போகக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் என்னடாவென்றால் கடைக்குப் போய் மாம்பழ நிறத்தில் ஒரு சேலை எடுத்தேன், அதற்குப் பொருத்தமாக ஜாக்கெட் தைக்கக் கொடுத்தேன்.

குலதெய்வக் கோயில் முந்திரித் தோப்புக்கு நடுவில் இருந்தது. முன்னால் தென்னங்கீற்றுப் பந்தல், வாடகை நாற்காலிகள், ஒரு பக்கம் அடுப்பு. தாய் என்னைக் கூட்டிப்போய் நாத்தனார் முன் நிறுத்தினாள். பெரிய உருவம், சிரித்த முகம். கண் மட்டும் சிரிக்கவில்லை.

"நீங்கதானா அது? ரெண்டு வருஷமா எங்க புள்ளயக் குத்துறவங்க? வாங்க, சாப்ட்டுட்டுத்தான் போகணும்."

மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தேன். தாய்மாமன் புது வேட்டியில், மணைப் பலகையில் உட்கார்ந்திருந்தார். பச்சைப் பட்டுப் பாவாடையில் குழந்தையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்கள். அவர் அவள் காதில் ஏதோ மெல்லச் சொன்னார். அவள் உட்கார்ந்துதான் இருந்தாள். மொட்டை போடுகிறவர் கிண்ணத்துத் தண்ணீரில் கையை நனைத்தார். அவள் தலையைத் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இன்று வரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நழுவி இறங்கி, நாற்காலிக் கால்களுக்கு நடுவே புகுந்து, நேராக என்னிடம் வந்தாள். மடியில் ஏறி, முன்பக்கம் பார்க்கத் திரும்பி, முதுகை என் மேல் சாய்த்துக்கொண்டாள். என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். அழுகை இல்லை, பயமும் இல்லை. ஆறு மாதம் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் செய்துவிட்டுக் காத்திருந்தாள். அந்த இடத்திலேயே மொட்டை போட்டிருந்தால் அசையாமல் இருந்திருப்பாள்.

பந்தலில் யாரோ சிரித்தார்கள். நாத்தனார் எழுந்து வந்தாள்.

"ஊசி போடுற நர்ஸுன்னுல்ல சொன்ன?" என்று தம்பி மனைவியைப் பார்த்துக் கேட்டாள். "ஊசி போடுறவங்களக் கண்டா புள்ளைங்க ஊர விட்டு ஓடும். இது என்ன, பெத்தவ மடி மாதிரி வந்து உக்காருது? தலையில வேற கைய எடுத்து வச்சுக்குது? எந்த ஆஸ்பத்திரிங்க உங்களது?"

தாயின் முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்தில் நின்ற கணவர் தரையைப் பார்த்தார். சிங்கப்பூர்த் தைரியம் சிங்கப்பூரிலேயே நின்றுவிட்டது போலும். பதில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. உண்மையைச் சொன்னால் அடுத்த செவ்வாய்க்கிழமை இந்தப் பிள்ளை அரியலூருக்கு வராது.

"ஊசி போட்டதும் நான் மிட்டாய் கொடுப்பேங்க" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். "எல்லாப் புள்ளைங்களுக்கும்தான் கொடுப்பேன். தலையத் தடவிக் கொடுத்தாத்தான் இது வாங்கும். மிட்டாய்க்கு வந்திருக்கு, வேற என்ன? எனக்கு இது பேருகூட நெனப்பில்லைங்க."

"அப்படிச் சொல்லுங்க" என்றாள் நாத்தனார். இப்போது கண்ணும் சிரித்தது. "எங்க வூட்டுப் புள்ள திங்கிறதுக்குன்னா எங்க வேணாலும் போவும்." பந்தல் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

தாய்மாமன் எழுந்து வந்து கையை நீட்டினார். "கொடுங்கக்கா" என்றார். மிஸ் என்று சொல்லிவிடாமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. அவள் என் முந்தானையைப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். இந்த விரல்களுக்குப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். சுண்டு விரல் கடைசியாக வந்தது.

அவர் தோளில் போகும்போது அவள் முகம் என் பக்கம் இருந்தது. இரண்டு கை விரல் நுனிகளையும் சேர்த்துத் தட்டினாள். மறுபடி தட்டினாள். வேகவேகமாகத் தட்டினாள்.

"அட, பாருங்க, கை தட்டுது!" என்று முன்வரிசையில் ஒரு அம்மா சந்தோஷமாகக் கத்தினார். பத்துப் பேர் அவளோடு சேர்ந்து கை தட்டினார்கள். அவ்வளவு பேர் இருந்த பந்தலில் அவள் என்ன கேட்கிறாள் என்று அவளைப் பெற்றவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். பெற்றவள் சேலையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காதுகுத்தில் தாய் கண் கலங்குவது வழக்கம்தான் என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. நான் எழுந்து வெளியே போனேன். நான் அங்கே இருக்கும் வரை அவள் வேறு மடியில் உட்கார மாட்டாள் என்பது என் படிப்பு சொன்னது. அதற்கு மேல் அங்கே உட்கார என்னால் முடியவும் இல்லை.

செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றேன். முதல் அலறல் கேட்டது. பிறகு மேளம் உச்சத்துக்குப் போனது, அதையும் மீறி அவள் அலறல். பக்கத்தில் ஒருத்தி இலைக்கட்டைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சமாதானம் சொன்னாள்.

"ஏன் இப்படிப் பதறுறீங்க? காது குத்துறப்ப அழாத புள்ள எங்க இருக்கு? எம்மவன் ஆசாரியோட கையவே கடிச்சு வச்சுட்டான். நாலு பேரு புடிச்சோம்."

எனக்குத் தலையில் தண்ணீர் கொட்டியது போல இருந்தது. எந்தப் பிள்ளையும் அழும். அழுதால் யாரும் எதையும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். ஒன்றரை வயதில் நீலம் பாய்ந்ததைப் பார்த்துப் பயந்துபோன ஒரு தாயும், எல்லாவற்றுக்கும் பயிற்சி வைத்துப் பழகிப்போன நானும் சேர்ந்து, அழாத பிள்ளை ஒன்றைத் தயார் செய்ய ஆறு மாதம் உழைத்திருக்கிறோம். அவளைக் காட்டிக்கொடுக்க இருந்தது அழுகை அல்ல, என் மடி. சாப்பிடாமலே ரோட்டுக்கு நடந்து வந்து ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறினேன். புதுச் சேலையில் அவள் பிடித்திருந்த இடம் கசங்கியிருந்தது. பெரம்பலூர் வரும் வரை அதை நீவிக்கொண்டே வந்தேன்.

செவ்வாய்க்கிழமை அவர்கள் வந்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம், காதில் சின்னதாகத் தங்க வளையம். தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மிட்டாய்னு சொன்னீங்க பாருங்க மிஸ், அதான் எங்களக் காப்பாத்துச்சு. எங்க நாத்தனாரே காலையில, ஊசிக்கு நேரமாச்சு, கெளம்புங்குறாங்க." நீலம் பாயவில்லையாம். முடிந்ததும் மாமன் தோளிலேயே தூங்கிவிட்டாளாம்.

நான் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். குழந்தை என்னைப் பார்த்தாள். பிறகு போய், எதிரே இருந்த சின்ன நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டாள்.

"கோவமா இருப்பா மிஸ். ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றாள் தாய்.

சரியாகவில்லை. முன்பே செய்திருக்க வேண்டியதை அதற்குப் பிறகுதான் செய்தேன். பிசியோதெரபி பார்ப்பவரிடம் விட்டேன், அவரிடம் போனாள். இன்னொரு ஆசிரியையிடம் விட்டேன், அவர் மடியில் ஏறிக் குதிரை கேட்டாள். தாய்மாமன் லோடு இல்லாத நாட்களில் வந்து உட்கார்ந்தார், அவர் மீசையைப் பிடித்து இழுத்து விளையாடினாள். என்னிடமும் குறையொன்றும் வைக்கவில்லை. நாற்காலியில் எதிரே உட்கார்ந்து சொன்னதையெல்லாம் செய்வாள். வண்ணம் பிரிப்பாள், படம் காட்டுவாள், ஒன்றிரண்டு சொற்கள்கூட வந்தன. முடிந்ததும் எழுந்து போய்விடுவாள். என்னிடம் எதற்கும் விரல் நுனியைத் தட்டியதில்லை. வேண்டியதை வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்வாள். "இப்ப எல்லாருகிட்டயும் போறா மிஸ்" என்று தாய் பூரித்துப்போவாள். நான் அட்டையில் அப்படியே எழுதினேன்: எல்லாரிடமும் போகிறாள், இலக்கு எட்டப்பட்டது. பொய் எழுதவில்லை.

போன வருடம் அவளுக்கு ஆறு வயது முடிந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். கடைசி வெள்ளிக்கிழமை தாய் ஒரு டப்பா நிறைய முந்திரிப்பருப்பு கொண்டுவந்து கொடுத்தாள். "ஒரு போட்டோ எடுத்துக்கலாம் மிஸ். உங்க போன்லயே எடுங்க" என்றாள். "எனக்கு அனுப்பிடாதீங்க. எங்க நாத்தனாரு எம்போன எடுத்துப் பார்ப்பாங்க. உங்ககிட்டயே இருக்கட்டும்."

நான் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் போனைத் தூக்கிப் பிடித்தாள். குழந்தை எனக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள், காதில் வளையம், இரட்டைச் சடை போடும் அளவுக்கு முடி வளர்ந்திருந்தது.

"தள்ளித் தள்ளி இருக்கீங்களே மிஸ். மடியில கூப்ட்டு வச்சுக்கங்க."

"வேணாம், நிக்கட்டும்."

"ஏன் மிஸ்?"

"பெரிய புள்ளையாயிட்டா, கனப்பா" என்றேன்.

பதினேழு கிலோ இருப்பாள், அவ்வளவுதான். அதைவிடக் கனமான பிள்ளைகளை நான் தினமும் தூக்குகிறேன். கூப்பிட்டு, அவள் வராமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. ஒருவேளை வந்திருப்பாளோ என்னவோ. நான் கூப்பிடவில்லை.